கொள்ளு சூப்பில் இளைக்காத மச்சானுக்கு

என் பாசத்துக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் தங்கச்சி கூடத்தில் மாட்டியிருப்பது நீ இளைத்த பிறகு எடுத்த படம். கன்னம் ஒட்டி, சட்டை தளர்ந்து, சினிமாக்காரன் மாதிரி நிற்கிறாய். தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். போன பிறகும் என்னை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடமாட்டாயா?

ஒளிக்க என்ன இருக்கிறது, எல்லாரும் படிக்கட்டும். எனக்கு உன்மேல் பொறாமை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே அளவு தொப்பை. மயிலாப்பூர்ப் பூங்கா வாசலில் ஒற்றைப் பாத்திரத்தோடு அருகம்புல் சாறு விற்க ஆரம்பித்தவன் நான். பிறகு கொள்ளு சூப்பும் சேர்த்து, தி.நகர், அடையாறு என்று மூன்று வண்டி போட்டேன். வெளியே எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். வீட்டில்? சாந்தோமில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த நீ சில மாதத்தில் கரைந்துபோய் வந்து நின்றாய். அதிலிருந்து சோறு போடும்போதெல்லாம் உன் தங்கச்சிக்கு ஒரே பாட்டு. "எங்கண்ணன் எப்டி கீது பாரு. நீயும்தான் கீறியே, அண்டா மாரி."

என்ன செய்கிறாய் என்று உன்னைக் குடைந்தேன். ஒன்றும் செய்யவில்லை என்றாய். நான் நம்பவில்லை. வியாபாரி புத்தி, எதையோ மறைக்கிறாய் என்றுதான் நினைத்தது. நீ முகம் கழுவப் போன நேரத்தில் உன் டிபன் டப்பாவைத் திறந்துகூடப் பார்த்தேன், தெரியுமா? அதே சோற்று மலை, அதே வறுத்த மீன். நான் இரண்டு இட்லியோடு எழுந்திருக்கிறேன், இவன் இதைத் தின்றும் இளைக்கிறானே! திரும்பி வந்த நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னா மாப்ளே, எரியுதா? உன் கொள்ளு சூப்புதான் வேல செய்து, போ."

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? உன் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து வண்டியில் கட்டினேன். நீயும் காலையில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து, கேட்பவர்களிடம் வயிற்றைத் தட்டிக் காட்டுவாய். கூடவே ஒரு எடை மெஷின் வைத்தேன். பூங்காவுக்கு வருகிறவர்களை நடக்கப் போகும் முன் ஒரு தடவை, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பியதும் ஒரு தடவை ஏற்றி நிறுத்துவேன். குறைந்தது வெறும் வேர்வை, தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். முள் இறங்கியதைப் பார்த்தவர்கள் இன்னொரு கப் கேட்டார்கள்.

நடுவில் ஒருநாள் களைப்பாக இருக்கிறது என்றாய். புது உடம்பு பழக வேண்டும், இன்னும் கொஞ்சம் சூப் குடி என்று சொன்னது யார்? நான்தான்.

கடைசியில் உன்னைக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா எடுத்ததும் கேட்டது ஒன்றுதான். "நீங்களா முயற்சி பண்ணி இளைச்சீங்களா, தானா இளைச்சுதா?" நீ என்னைப் பார்த்தாய். நான் சூப் என்று இழுத்தேன். அவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. குடலில் புற்றுநோய்க் கட்டி. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. வைத்தியம் பார்க்க நேரமாவது கிடைத்திருக்கும் என்றார்.

இப்போது என் சர்க்கரைக்கு அவரிடம்தான் போகிறேன். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டேன். கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா? அது நல்ல பயறு, அவ்வளவுதான். வெந்நீரில் தேன்? தேனும் சர்க்கரைதான். தொப்பையை மட்டும் இறக்க முடியுமா? இந்த இடத்தில் குறை என்று உடம்புக்கு ஆர்டர் போட முடியாதாம். தட்டில் அளவைக் குறைத்து, நடையை விடாமல், மாதக்கணக்கில் பொறுமையாக இருக்க வேண்டும். முள் அசையாவிட்டாலும் நடை இதயத்துக்கு நல்லது. இதையெல்லாம் கப்பில் ஊற்றி எவனிடம் விற்பது, சொல்!

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டேன். எடை மெஷினையும் எடுத்துவிட்டேன். சூப் விற்கிறேன், சூப் என்று மட்டும் சொல்லி. பக்கத்து வண்டிக்காரனுக்குக் கொண்டாட்டம். எனக்கு எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது. உன் படத்தைப் பார்த்தால், காரணம் தெரிந்த பிறகும், ஒரு நொடி எரியத்தான் செய்கிறது. இது என்ன ஜென்மம், மச்சான்?

மூன்று நாலு மாதம் முன்பு, தினமும் நடக்க வரும் டீச்சரம்மா ஒருவர் குதூகலமாக வந்தார். "அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணல, சுடிதாரெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. எல்லாம் உங்க சூப்தான். இன்னொரு கப் குடுங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "சூப்பால இல்லம்மா. மொதல்ல போய் டாக்டரப் பாருங்க."

அவர் முகம் சுருங்கியது. "அடுத்தவங்க இளைச்சா உங்களுக்குப் பொறுக்காதா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வண்டிக்குப் போனார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆளையே காணோம். தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அவர் கணவர் வந்தார். டீச்சரம்மா கோபத்திலாவது டெஸ்ட் எடுத்திருக்கிறார். தைராய்டு அதிகமாகச் சுரந்து, நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகிவிட்டதாம். மாத்திரையில் சரியாகிக்கொண்டிருக்கிறது. எடை பழையபடி ஏறுவதால் என்னைத் திட்டிவிட்டு வரச் சொன்னாராம். சிரித்தபடியே என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

மச்சான், உன்மேல்கூட எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை. அந்த மனுஷர் வீட்டுக்குப் போனால் அவர் ஆள் இருக்கிறார், குண்டாகிவிட்டேன் என்று சண்டை போடுவதற்கு.

இனிப் பொறாமையே படமாட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். படுவேன். ஆனால் என் கண்ணெதிரே யார் இளைத்தாலும், எரிகிற வயிற்றோடேயே கேட்டுவிடுவேன், தானாக இளைத்ததா என்று. கோபித்துக்கொண்டு எத்தனை பேர் பக்கத்து வண்டிக்குப் போனாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன்னிடம் கேட்கத் தவறிய மாப்பிள்ளை,
தனசேகர்