ஒரே நேரத்தில் பேசிய சென்சர்கள்

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை

கிராண்ட்பாஸ் கால்வாயில் நாங்கள் பூட்டின வெள்ள சென்சர்கள் இன்று காலை மழையில் எல்லாம் ஒரே நேரத்தில் தகவல் அனுப்பின. சிக்னல்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பி, கரையில் இருக்கும் ஆட்களின் போனுக்குப் போக வேண்டிய எச்சரிக்கை முக்கால் மணித்தியாலம் பிந்திவிட்டது.

"மெஷினுக்குள்ள தண்ணி பூந்த பொறகுதான் தம்பி உங்கட மெசேஜ் வந்த," என்றா கால்வாய்க் கரையில் தையல் வேலை செய்யும் பஸீனா. யாரோ தைக்கக் கொடுத்த கல்யாண உடுப்புகளும் சேற்றில் கிடந்தன.

என்னோடு வேலை செய்யும் ரம்யா போன மாதமே சொன்னவ: "அண்ணா, ஒவ்வொரு சென்சருக்கும் தகவல் அனுப்ப வேற வேற நேரம் குடுப்பம்." நான்தான் "பிறகு பாப்பம்" என்று தட்டிக் கழித்தனான்.

பின்னேரம் அவவே அதைச் செய்து முடித்தா. அரை மணித்தியால வேலை. என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் இப்போது நித்திரையாவது வந்திருக்கும்.