மேல் டிரம்மில் போட்ட குளோரின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், எங்கள் வயிறுகள் உட்பட. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் சந்தோஷத்தில் கத்திவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டுத் தண்ணீர் பாஸாகிவிட்டது!

போன தடவை வந்தபோது இந்தத் தண்ணீரைக் குடித்துக் குட்டிக்கு வயிற்றுப்போக்காகி டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனதும், தண்ணீர் சரியாகும் வரை பிள்ளையைக் கூட்டி வர மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய், உன்மேல் தப்பே இல்லை, ஆனால் அப்பாவுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. லேத் பட்டறையில் இருந்தவர் சும்மா இருப்பாரா, மொட்டை மாடியில் மூன்று டிரம்மை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்துவிட்டார். மேல் டிரம்மில் குளோரின், நடுவில் மணலும் கரியும், கீழ் டிரம்மில் குழாய். தண்ணீர் பளிச்சென்று வந்தது, குளோரின் வாசனை துளிகூட இல்லை, அதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. படியேறி வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, மோந்து பாருங்கள் மோந்து பாருங்கள் என்று ஒரே அமர்க்களம்! பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுத்தால், கிருமி இருக்கிறது என்று வந்தது. முதலில் பாட்டில்மேல் பழி போட்டார், அப்புறம் பாட்டிலைக் கழுவிய என்மேல். நான் விடுவேனா, அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். கரி குளோரினை இழுத்துக்கொள்ளும் அம்மா, நீங்கள் போட்ட மருந்தை நீங்களே வடிகட்டி எடுத்துவிட்டுக் கீழ் டிரம்மைக் காவல் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள் என்று சிரித்தாள். முதலில் வடிகட்டணுமாம், தெளிந்து இறங்கிய பிறகு கீழ் டிரம்மில் அளவாகக் குளோரின் போட்டு அரை மணி நேரமாவது மூடி வைக்கணுமாம், லேசாக வாசனை வந்தால்தான் நல்லதாம். எந்த வாசனை இல்லை என்று மார்தட்டினாரோ அதுதான் வேண்டுமாம்! சொன்னதும் அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் சாயங்காலமே டிரம்களைத் தேய்த்துக் கழுவி மாற்றிவிட்டார். யாரும் சொம்பை உள்ளே விடக் கூடாது என்று கீழ் டிரம் மூடிக்குப் பூட்டு வேறு, சாவி அவர் சட்டைப் பையில்.

இன்றைக்கு மறு பரிசோதனை முடிவு வந்தது. கிருமி ஒன்றுகூட இல்லை! நான் சமையலறையிலேயே குதித்தேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் குதிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இப்ப அவளை வரச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். பெற்ற பெண்ணை வா என்று கூப்பிட இத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்கிறார் மனுஷன்.

நோய்நொடி இல்லாமல் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல்லாதே, முதல் போன் அப்பாவுக்கு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா