உன் அம்மா நின்ற பக்கம்

அன்பு மகள் கேஷேவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் புது இடுப்பு மூட்டு என் பழைய மூட்டுகளைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. வெலிங்டனில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாய். அம்மா, உங்கப்பாவையே கேளு என்று போனை என்னிடம் நீட்டினாள். நான் அடுப்பில் மீன் கருகுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். அன்று வீட்டில் மீனே இல்லை. எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ வாங்கி அனுப்பிய இரண்டு டிக்கெட்டில் ஒன்றில் அம்மா போனாள், இன்னொன்றில் நான் போகவில்லை, உன் பெரியம்மா டெல்ஸே போனாள். பெரியம்மா வாயிலிருந்து இது உனக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது, அவள் சொன்னால் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே முட்டாளாக்குவாள், அதற்கு அவசியமே இல்லை, நடந்ததே போதும்.

உனக்கே தெரியும், முப்பத்தாறு வருஷம் இந்தக் கீல் கால்வாயில் ஃபெர்ரி ஓட்டினேன். தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரை, வடக்கிலிருந்து தெற்கு, அவ்வளவுதான் என் கடல் பயணம். குறுக்கே எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேனோ, நீளவாட்டில் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒவ்வொரு நாளும் இந்தச் சொகுசுக் கப்பல்களுக்காகக் காத்து நின்றவன். ஆம்புலன்ஸ் நின்றாலும், பால் வண்டி நின்றாலும், கப்பல் போன பிறகுதான் நாங்கள் நகர வேண்டும். என்ன கப்பல் அது, வெள்ளையடித்த அடுக்குமாடி வீடு ஒன்று மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஊர்ந்து வருகிறது. மேல்தளத்தில் நானூறு பேர் கையில் கேக் தட்டோடு நின்று நம் பசுக்களைப் படம் எடுக்கிறார்கள். பசு தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு இருக்கிற கௌரவம் நம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. மடக்கு நாற்காலி, பைனாகுலர், காப்பி ஃபிளாஸ்க், எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்று பத்திரிகையிலிருந்து வெட்டிய பட்டியல், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சனி ஞாயிறானால் கரைக்கு வந்துவிடுகிறார்கள். மேலே இருப்பவன் கீழே பார்த்துக் கையாட்டுகிறான், கீழே இருப்பவன் மேலே பார்த்துக் கையாட்டுகிறான், இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இந்தக் கூட்டத்துக்குத் தலைவி உன் அம்மா. அங்கே உனக்கு யாரைத் தெரியும் என்று கையாட்டுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். தெரிஞ்சவங்களா இருந்தா எதுக்குக் கையாட்டணும், போன் பண்ணிடுவேனே என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு நீ டிக்கெட் அனுப்பினாய். கிழக்குக் கோடியில் கீல் நகரத்தில் ஏறி, கால்வாய் முழுக்க வந்து, ஹாம்பர்க்கில் இறங்குவது. அம்மா அந்தக் காகிதத்தை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, ஆனால் எனக்கு அதுவும் வரவில்லை. தினமும் சும்மா பார்க்கிற ஓடையை ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்துப் பார்க்க நான் என்ன ஹாம்பர்க் பணக்காரனா என்றேன். நாக்குக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை, மேலும் நிறைய சொன்னேன். கோட்டு போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருவது பற்றி, கேப்டனோடு கை குலுக்குவது பற்றி. அம்மா சண்டை போடவில்லை. சரி, டெல்ஸே வருவா என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னிடம் உப்பு, உருளைக்கிழங்கு, குப்பைத் தொட்டி பற்றி மட்டும்தான் பேசினாள். இதற்கெல்லாம் முன்னால், மூட்டு ஆபரேஷனுக்குப் போகும்போது அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம், எழுந்து நடந்தால் ஒரு தடவை அந்தக் கால்வாயில் இருவரும் நீளவாட்டில் போக வேண்டும் என்பது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தலையாட்டியிருக்கிறேன். அதை நானும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. மறக்காததால்தான் அவ்வளவு கேலி செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தத்தில் பெட்டியை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். நம் ஃபெர்ரி துறையைக் கப்பல் தாண்டும்போது நான் கரையில் நிற்பேனா, அவள் கப்பலில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும். நிற்கிறேன், நீ வலப்பக்கம் நில் என்றேன். கேஷே, கீலிலிருந்து வருகிற கப்பலின் மூக்கு மேற்கே இருக்கும். நம் வீடு தெற்குக் கரையில். அப்படியானால் நம் கரை அவளுக்கு இடப்பக்கம். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் முப்பத்தாறு வருஷம் நம் துறையில் வடக்கே பார்த்து நின்றவனுக்குக் கீல் கப்பல் என்றாலே வலது கைப் பக்கம்தான். அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் அடுக்குமாடி வீடு தலைமேல் ஏறிவிடும். என் கழுத்து யோசித்துச் சொன்ன பதில் அது, மூளை அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கரைக்குப் போனேன். சொந்தக்காரர்கள் கப்பலில் இருந்தால் படுக்கை விரிப்பை எடுத்து ஆட்டுவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா, நானும் பூப்போட்ட விரிப்பு ஒன்றை சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனேன். மடக்கு நாற்காலிக்காரர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், முப்பத்தாறு வருஷம் அவர்களைக் கிண்டல் செய்தவன் ரோஜாப்பூ விரிப்போடு வந்து நிற்கிறான். கப்பல் வந்தது. இடப்பக்கக் கைப்பிடி முழுக்கத் தலைகள், முன்னூறு பேராவது என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், ஒவ்வொரு முகமாகத் தேடினேன். உன் அம்மா கட்டிக்கொண்டு போன நீலத் தலைத்துணியைக் காணோம். கப்பல் பாதி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருஷம் கட்டிக்கொண்டவளை நானே எதிர்க்கரைப் பசுக்களைப் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஃபெர்ரி துறையில் நின்றது. என் இடத்துக்கு வந்திருக்கிற ஸோங்கேவிடம் ஓடி, உடனே எடு என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, கப்பல் தாண்டற வரைக்கும் என்ஜின் கைப்பிடியத் தொடக் கூடாதுன்னு என் முதுகுல தட்டிச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்" என்றான். நான் ஏன் இவனுக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று அப்போதுதான் வருத்தப்பட்டேன். கப்பலின் வால் தாண்டியதும் எடுத்தான். வடக்குக் கரையில் இறங்கி விரிப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கரையோரச் சாலையில் சைக்கிளை மிதித்தேன். அறுபத்தெட்டு வயசு, எதிர்க்காற்று, முன்னால் ஒரு வெள்ளை மாளிகை. அவர்களுக்கு வேகக் கட்டுப்பாடு இருக்கிறது, எனக்கு முழங்கால் கட்டுப்பாடு. எட்டிப் பிடித்திருக்கவே மாட்டேன். எதிரே பெரிய சரக்குக் கப்பல் வந்ததால் அடுத்த ஒதுங்குமிடத்தில் இவர்களை நிறுத்தி வைத்திருந்தார்கள், அதுவும் வடக்குக் கரையை ஒட்டியே. அந்தச் சரக்குக் கப்பல் கேப்டன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

வலப்பக்கக் கைப்பிடியில் ஒரே ஒரு ஆள்தான் நின்றாள். பெரியம்மா எதையோ தின்னப் போயிருந்தாள். மூச்சு வாங்க நின்று விரிப்பை விரித்தேன். உன் அம்மா கையாட்டவில்லை. குனிந்து பார்த்து, "ஹாரோ, நம்ம வீடு இந்தக் கரைக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். நான் சொன்னதுதான் தப்பு என்றேன். காத்துல கேக்கல, சத்தமா சொல்லு என்றாள். மறுபடி கத்தினேன். அதற்குள் இந்தப் பக்கமும் கூட்டம் கூடிவிட்டது, யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். மூன்றாவது தடவை, "வீப்கே, நான் தப்பு பண்ணிட்டேன், உன்கூட வந்திருக்கணும்" என்று கத்தினேன். அதைக் கத்த வேண்டும் என்று நினைத்துக் கத்தவில்லை. கேக் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள், என்னைப் படமும் எடுத்தார்கள், இப்போது ஏதோ ஒரு நாட்டில் யாரோ வீட்டில் நான் பசுக்களுக்கு அடுத்த படமாக இருப்பேன். கப்பல் நகரத் தொடங்கியது. நானும் பக்கத்திலேயே மிதித்தேன், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினேன். அப்போது அம்மா என்ன செய்தாள் தெரியுமா, தளத்தில் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். கப்பல் முன்னால் போகிறது, அவள் பின்னால் நடக்கிறாள், அதனால் எனக்கு நேராகவே இருந்தாள். புது மூட்டோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கப்பல் தீர்ந்துபோகிற வரைக்கும் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் வந்தாள். மத்தியானச் சாப்பாட்டின்போது, பாவம் என் பேச்சைக் கேட்டு அங்கே போய் நின்றாயே என்றேன். உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, "நாப்பது வருஷமா கரையில உக்காந்து கப்பல் பாக்கறவ நான், எனக்கா எந்தப் பக்கம்னு தெரியாது? நீ பஸ் நிறுத்தத்துல சொன்னப்பவே தப்புன்னு தெரியும்" என்றாள். பிறகு ஏன் அங்கே நின்றாய் என்று கேட்டேன். "கரை மாறி வர்றியான்னு பாத்தேன்" என்றாள். செப்டம்பரில் அதே கப்பல் ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வருகிறதாம், இருவருக்கும் இடம் கேட்டிருக்கிறேன். ஸோங்கேவிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

உன் டிக்கெட்டை மதிக்காமல் போனதற்கு மன்னித்துக்கொள், மகளே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையொன்றுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குழந்தையின் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, பெரியம்மா காலுறை பின்ன நூல் வாங்கி வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறாள். மாப்பிள்ளை ஏதாவது யோசிக்காமல் பேசிவிட்டால் உடனே கோபித்துக்கொள்ளாதே, கொஞ்சம் நின்று பார்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா ஹாரோ