உன் அப்பாவின் கென்

அன்பு மகன் யூவனுக்கு அம்மா எழுதுவது. இந்த வீட்டில் மிச்சமிருக்கிற இரண்டு பேரும் ஏதோ சுகமாக இருக்கிறோம். கனடாவில், ஹாலிஃபாக்ஸில் நீயும் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன, அப்பாவுக்குச் சரியாக இருக்கின்றன. பக்கத்து வீட்டு பாபி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள், வாய் மட்டும் முறியவில்லை. துறைமுகச் சுவரைப் பூசுகிறோம் என்று வந்தவர்கள் பாதியில் விட்டுப் போய்விட்டார்கள். செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் முழுசாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் தம்பி கிடியோனைப் பிப்ரவரியில் படகிலிருந்து அலை அடித்துக்கொண்டு போனதே, அன்று ராத்திரி நீ தொலைபேசியில் என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? டாக்டர் பிரெண்டிஸிடம் பேசிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாய். "அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்மா, பக்கவாதம் வந்தப்புறம் இதெல்லாம் அவரோட கென்னுக்கு அப்பால, சொன்னாலும் புரியாது, புரிஞ்சா உயிரே போயிடும்" என்றாய். அந்த டாக்டரும் என்னிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னார், எடின்பரோவில் படித்த மனிதர், எங்களோடு ஒட்டிப் பேசுவதாக நினைப்பு. கென் என்பது நம் ஸ்காட்லாந்து ஊர்ப்பேச்சு வார்த்தை யூவன். ஒருவனுடைய புத்தி எட்டுகிற எல்லை அது. கடலில் கண் எட்டுகிற தூரத்துக்கும் உன் தாத்தா அதையேதான் சொல்வார். இங்கிலீஷ் மட்டுமே பேசவேண்டிய பள்ளிக்கூடத்தில் அதை வாய்தவறிச் சொன்னதற்கு நீ உள்ளங்கையில் வாரடி வாங்கிக்கொண்டு வந்து நின்றாய், நான் வெண்ணெய் தடவினேன். இப்போது அதே வார்த்தையை எடுத்து உன் அப்பாவைச் சுற்றி வேலி கட்டினீர்கள்.

அவருக்குப் புரியாது என்று எதை வைத்துத் தீர்மானித்தார் அந்த டாக்டர்? பனிக்காலத்தில் வந்து, பிரதமர் பேர் என்ன என்று கேட்டார். அப்பா கோணின வாயால், "தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம், அந்தாளுக்கு என் பேர் தெரியுமா?" என்றார். எனக்கு முழுசாகக் கேட்டது. டாக்டர் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்தது, அதை எழுதிக்கொண்டார். கட்டிலைத் துறைமுகம் பார்த்த சன்னலோரம் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "தாராளமா போடுங்க, கண்ணு பார்க்கும், மனசுக்குப் போகாது" என்றார்.

நீ சொன்னபடியே செய்தேன். கிடியோன் மேற்குக் கரையில் வேறு படகுக்குப் போயிருக்கிறான், அங்கே மீன் அதிகம் என்று சொன்னேன். ஊர் முழுக்க வாயைக் கட்டினேன். பாபி கூட அடங்கியிருந்தாள் என்றால் பார்த்துக்கொள். முதலில் அடிக்கடி "எப்ப வர்றான்?" என்று கேட்பார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். "பார்த்தீங்களா, மறந்துட்டார்" என்றார் டாக்டர், சந்தோஷமாகவே. சபையில் கிடியோனுக்கு ஆராதனை வைத்தார்கள், உடல் கிடைக்காததால் பெட்டி இல்லாமல். தேநீர்க் கூட்டத்துக்குப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அழுகை வரும்போதெல்லாம் பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி அழுதேன். ஒரு தாய் திருடியைப் போல அழுதாள் யூவன், அவளுடைய வீட்டிலேயே.

மே மாதம் ஒரு காலையில் ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டே, கிடியோனுக்கு மேற்கே நல்ல மீன்பாடாம் என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாக, எச்சில் வழிய வழியச் சொன்னார். "போதும் எல்சி. நம்ம புள்ள செத்துட்டான். அழறதுன்னா குழாயடிக்கு ஏன் போற? இங்க வந்து அழு." எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். "படகு அரைக்கம்பத்துல கொடியோட உள்ள வந்துச்சு. மத்த எல்லாரும் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நம்ம வாசலுக்கு நடந்து வந்தாங்க, அவனைக் காணோம். எனக்குக் காலும் கையும்தான் போச்சு" என்றார். ஆராதனையன்று பாடின பாட்டும் திறந்திருந்த சன்னல் வழியே கேட்டதாம். கூடவே முணுமுணுத்தாராம், தனியாக. பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன். "நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்ற. கேட்டா இன்னொண்ணு சொல்லணும்ல. அதான் நிறுத்திட்டேன்" என்றார்.

சொல்லவேண்டாம் என்றது யார் என்று கேட்டார். சொன்னேன். எதற்கு மறைக்க வேண்டும்? "என் புள்ளைக்கு நான் அழலாமா வேண்டாமான்னு கனடாவுல உட்கார்ந்து முடிவு பண்ணானா?" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். கிடியோன் சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தோம். ஆனால் பிப்ரவரியில் அழ வேண்டிய அழுகை அது. அந்த மாதங்களை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. அதனால்தான் இன்னும் எரிகிறது, கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். மே மாதத்திலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேனே, அவர் தூங்கவில்லை, உன்னோடு பேச மறுத்தார்.

இதை எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னார். உன் மனைவி ஷீனா முன்னெல்லாம் போனை வாங்கி இரண்டு வார்த்தை பேசுவாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய், நானும் அதை அப்படியே அவரிடம் ஒப்பித்து வந்தேன். "ஞாயித்துக்கிழமை எந்தக் கடை எல்சி திறந்திருக்கு? அவ அவனை விட்டுட்டுப் போயிட்டா. பையன் தனியா கெடக்கான். நம்மால தாங்க முடியாதுன்னு நெனச்சு மறைக்கிறான், கிறுக்குப் பய" என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, கிடியோனுக்காக அல்ல.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். குளிரில் மார்பை மூடிக்கொள், ஒழுங்காகச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, மறக்காதே. போனைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பேச நேரமாகும், அவசரப்படாதே. பொய் மட்டும் சொல்லாதே.

உன் அம்மா,
எல்சி ஃபின்லே