பளையைப் பிறப்பிடமாகவும்

15 யூன் 2023

இல்லை, அம்மம்மா எங்களோடு சீன மொழியில் ஒரு நாளும் கதைத்ததில்லை. பல்லுப் பிடுங்கும்போது மட்டும் எண்ணுவார்: இ, அர், சன். மூன்றில் இழுத்துவிடுவார்.

இதை ஐயாத்துரை மாமாவிடம் சொல்லவில்லை. அம்மம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வந்து, சோற்றை அளைந்துகொண்டே, அவர் சீனத்தில் கதைப்பாரா என்று கேட்டார். "தெரியாது மாமா" என்றேன். இதெல்லாம் அவருக்கு இப்போது எதற்கு?

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். களப்புக் கடலில் சீனக் கொம்பனி ஒன்று கடலட்டைப் பண்ணை போடப்போகிறது என்ற கதை வந்த நாளிலிருந்து, "சீனனை நம்பேலாது" என்று சந்தியில் நின்று கத்துகிறவர். கத்துகிற வாயில் முன்பல் இரண்டும் அம்மம்மா கட்டிக்கொடுத்தவை.

16 யூன்

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்கவேண்டும். வாழ்க்கை வரலாறு என் பொறுப்பு.

"நீதானே கம்பஸ் முடிச்சனி" என்றார் அம்மா. பிறகு கதவடியில் நின்று, "பளையைப் பிறப்பிடமாகவும், பூநகரியை வதிவிடமாகவும் எண்டு துவங்கு."

"பளையோ? அம்மம்மா சீனாவில எல்லோ பிறந்தவா."

"சொன்னதை எழுது."

ஊருக்கே தெரிந்தது. பெற்ற தாயின் ஊரை மகள் ஏன் மாற்றுகிறார்?

18 யூன்

அம்மம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:

நாலு வயதில் கப்பலில் வந்தவர். தகப்பனுக்குப் பல்லுக் கட்டுகிற தொழில். யாழ்ப்பாணத்தில் சின்னக் கடை. மாதத்தில் ஒருமுறை தகரப்பெட்டியோடு பூநகரிக்கு வருவாராம். தாத்தா கடைவாய்ப் பல்லுப் பிடுங்கப் போனவர். பல்லைக் கொடுத்துவிட்டு மகளைக் கேட்டார் என்பது அம்மம்மாவின் கதை. பாதிதான் நம்புகிறேன்.

கலியாணத்தோடு இராசேஸ்வரி. அதற்கு முந்திய பெயர் 'மேய்' மாதிரி ஒரு சத்தம். "மாடு மேய்க்கிற மேய் இல்லையடி" என்று சிரிப்பார். சரியான உச்சரிப்பைக் கேட்டு எழுதிவைக்கவில்லை. நாலு வருடம் கம்பஸில் என்ன படித்தேன்?

ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீனியம்மா. புதிதாக வருகிறவர்கள் சீனி கொடுக்கிறவர் என்று நினைப்பார்கள். தேத்தண்ணிக்கும் சீனி போட விடமாட்டார். "பல்லுக்குக் கூடாது."

தகப்பன் செத்த பிறகு பெட்டி அவரிடம் வந்தது. போரின் கடைசி இடப்பெயர்வில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அம்மம்மா பெட்டியைத் தூக்கினார். முகாமில் அந்தக் குறட்டுக்கு வரிசை நின்றது.

20 யூன்

அந்தப் பெட்டியைப் பூட்டிவைத்த அலுமாரியின் திறப்பு அம்மாவின் இடுப்பில். கிணற்றடிக்குப் போனாலும் இடுப்பில்.

21 யூன்

ஐயாத்துரை மாமா இன்று இரண்டு தரம் எங்கள் படலையைக் கடந்தார். சைக்கிளில் ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டு போனார். இரண்டாம் தரம் நின்றார்.

"பிள்ளை, புத்தகம் எழுதுறியாம்."

"நினைவுமலர் மாமா."

"எல்லாத்தையும் எழுதுவியோ?"

"தெரிஞ்சதை."

"தெரிஞ்சது எல்லாத்தையுமோ?"

சிரித்தார். ஏன் சிரித்தார்?

தங்கம்மா கடையிலும் ஒரு சிரிப்பு. "உங்கட சொந்தக்காரர் கடலுக்கு வருகினமாம்." இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? சங்கத்தில் எங்கள் வீட்டைப் பற்றிக் கதைக்கிறார்களா?

24 யூன்

முதல் பக்கத்தில் சீனா என்று எழுதி மேசையில் வைத்தேன். அம்மா கிழித்தார்.

"அவா சீனத்தி எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமோ?" என்று கேட்டுவிட்டேன். என்ன வாய் எனக்கு.

அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். ஒரு சத்தியக்கடதாசி, 2011ஆம் ஆண்டினது. இராசேஸ்வரி, பளையில் பிறந்தவர்.

இடப்பெயர்வில் எல்லாக் கடதாசியும் போனது. அம்மம்மா பிறநாட்டாள் என்ற பதிவும் அதில் போனது. மீளக் குடியேறி வந்து, இந்தச் சத்தியத்தை வைத்து அடையாள அட்டை. அட்டையை வைத்து, தாத்தா செய்த அரசாங்க வயலுக்குக் காணிப் பேமிற்; பிறநாட்டாளுக்கு அது கிடையாது. இப்போது அது அம்மாவின் பெயருக்கு மாறவேண்டும். கோப்பு பிரதேச செயலகக் கந்தோரில்.

"அச்சில வந்தா அது சாட்சியடி. ஒரு புத்தகத்தை ஆரும் கொண்டுபோய்க் குடுத்தாக் காணும். ரண்டு ஏக்கரும் போயிடும்."

"ஆர் குடுக்கப்போகினம்?"

படலைப் பக்கம் பார்த்தார்.

கடதாசியின் அடியில் சாட்சியின் கையெழுத்து. ஐயாத்துரை.

25 யூன்

அப்படியென்றால் மாமாவின் அந்தப் படலையடிச் சிரிப்பு ஒரு எச்சரிக்கை. அவர் கையில் இருக்கிறோம்.

29 யூன்

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வந்தார். பார்த்துத்தான் வந்திருக்கவேண்டும்.

"கொம்மா இல்லையோ?"

"இல்லை."

"அதுவும் நல்லதுதான்." கதிரை நுனியில் இருந்தார். நான் குசினி வாசலை விட்டு அசையவில்லை. "பிள்ளை, நீ பளை எண்டுதானே போடுறாய்?"

"ஏன் கேக்கிறியள்?"

"சீனா எண்டு அடிச்சா என்ர கதி என்ன? பொய்ச் சத்தியம் பண்ணினவன் நானெல்லோ. சங்கத்தில எனக்கு ஆகாத ஆக்கள் இருக்கினம். சீனனுக்கு எதிராக் கத்துறவன்தான் சீனத்தியைப் பளையில பிறக்க வைச்சவன் எண்டு சிரிப்பாங்கள். பேந்து பொலிசு, கோடு, வழக்கு எண்டு அலையவேணும்."

தொப்பியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தார். பதினைந்து நாளாக இந்த மனிதர் என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்.

"நீங்கள் காட்டிக்குடுப்பியள் எண்டு நாங்கள் பயந்தம்" என்றேன்.

"நானோ? விசரோ உங்களுக்கு? கையெழுத்தே என்ர."

"ஏன் வைச்சனீங்கள்?"

"அவா எங்கட மனிசி. எங்கயெண்டாலும் பிறக்கத்தானே வேணும்."

"அப்ப சந்தியில கத்துறது?"

"அது கொம்பனியைப் பிள்ளை. அவாவை இல்லை."

"தங்கம்மாக்கு அது விளங்கேல்லை மாமா."

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி கேட்கவில்லை.

இதையும் ஒரு நடிப்பு என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தை எங்கே பிடித்தேன்?

2 யூலை

"பூநகரியை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி அனுப்பினேன்.

அச்சகத்துத் தர்சன் போனில்: "அக்கா, பிறப்பிடம் விடுபட்டுப்போச்சு."

"விடுபடேல்லை."

"'வதிவிடமாகவும்' எண்டா முன்னுக்கு ஒண்டு வரவேணும் அக்கா. 'உம்' தனிய நிக்குது."

"நிக்கட்டும்."

பளை என்று எழுதக் கை வரவில்லை. சீனா என்று எழுத வயல் விடவில்லை. இங்கே மட்டும்: பிறந்தது சீனா, ஹூபே மாகாணம். ஊரின் பெயர் அவருக்கே நினைவில் இருக்கவில்லை.

8 யூலை

முப்பத்தோராம் நாள். மலர் எல்லாக் கைகளிலும்.

தங்கம்மா முதல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிறந்த இடத்தைக் காணேல்லை?"

அம்மா சோற்றுச் சட்டியோடு அப்படியே நின்றார். நான் ஐயாத்துரை மாமாவைப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை.

"இருந்த இடம் கிடக்குதெல்லோ" என்றார், இலையிலிருந்து தலை நிமிராமல். "செத்ததும் இஞ்சதான். உனக்கு அப்பளம் காணுமோ?"

எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி வாயிலிருந்து கட்டுப்பல்லைக் கழற்றி லேஞ்சித் துண்டில் வைத்து நீட்டினார். உதடு உள்ளே விழுந்திருந்தது. வேறொரு கிழவர்.

"ஆடுது. பாத்துத் தாறன் எண்டவா. அதுக்குள்ள போயிட்டா."

"எனக்குத் தெரியாது மாமா."

"அவா செய்யேக்க பக்கத்தில நிண்டு பாத்தனிதானே."

அம்மா அலுமாரியைத் திறந்து தகரப்பெட்டியை மேசையில் வைத்தார். திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

பல்லைக் கழுவித் துடைத்தேன். சின்னக் குறட்டை எடுத்து, அதை வாயில் இறுக்கிப் பிடிக்கிற இரண்டு கம்பிகளையும் ஒரு நூலளவு உள்ளே வளைத்தேன்.