உன் பெயரில் வந்த வரி

மச்சாள்,

திங்கட்கிழமை காலை உன்னிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது.

செங்கலடியில் நம் வேலையறையில் இருந்தேன். சோதித்துப் பார்க்கிற பழைய போன்களை ஒவ்வொன்றாகச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்தது. திரையில் உன் முகம். கல்லடிப் பாலத்தில் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம். அதன் பக்கத்தில் "மச்சாள், இஞ்ச பார்" என்று எழுதியிருந்தது. கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க்.

நீ போய், உன் முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. வீட்டில் உன் படத்துக்குப் போட்ட மாலைகூடக் காய்ந்துவிட்டது. நான் போனைத் தொடவில்லை. கை இரண்டையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். காது அடைத்துப்போய் கீழே ரோட்டில் பஸ் போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அறைக்குப் பொறுப்பான, அண்ணன் முறையில் நாம் காக்கா என்று கூப்பிடுகிறவரின் போனும் அதே நேரத்தில் அதிர்ந்திருக்க வேண்டும். அவர் எடுத்துப் பார்த்தார். எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"யா அல்லாஹ். ஆரு இது?" என்றார்.

உன் செய்தி வந்து விழுந்திருந்த வேலைக் குழுவிலும் அதையே எழுதிப் போட்டார். 

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பிறகுதான் மெல்ல விளங்கியது. காக்கா அன்று காலை செயலியின் நிரலில் எதையோ மாற்றியிருந்தார். நீ போன பிறகு யாருக்கும் அதைத் தொட மனம் வராமல் அப்படியே கிடந்தது. அன்றுதான் முதன்முதலாகக் கை வைத்தார். நிரலைச் செயலியாகக் கோக்கிற பில்ட் பாதியில் உடைந்தது. பில்ட் உடைந்தால் மெசின் வரிவரியாக எழுதிவைக்கிற லொக்குக்குள் தேடி, பிழை விழுந்த வரியைக் கண்டுபிடித்து, அந்த வரிக்கே நேராகப் போகும் லிங்கை அனுப்பச் சொல்லி ஒரு சின்ன நிரலை நீதான் எழுதிவைத்தாய். சோதனைக்காக, எனக்குச் சொல்வது போல மூன்று சொல்லும் போட்டு உன் கணக்கில் ஓடவிட்டாய். "பேரப் பிறகு மாத்துவம்" என்றாய். மாற்றவில்லை.

விளங்கிய பிறகும் போனைத் திறக்காமல் கவிழ்த்து வைத்தேன். விளங்குவது வேறு, உன் முகம் திரையில் வருவது வேறு.

நான் அந்த அறைக்கு வந்ததே உன்னால்தான். அம்மா வெளிநாடு போன வருசம், பழுகாமத்தில் தம்பிமாரைப் பார்ப்பதற்காக நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா திரும்பி வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் எங்கோ போய்விட்டார்கள். மாமி, உன் அம்மா, என்னை வந்தாறுமூலைக்கு, உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். நீ உயர்தரம் எழுதிவிட்டு, கம்பஸில் இடம் கிடைக்கும்வரை என்று அந்த அறையில் வேலை செய்துகொண்டிருந்தாய். வயல் செய்கிற வட்டைக்காரர்கள், கதிர் வெட்டுகிற மெசினை முன்கூட்டியே சொல்லிவைக்கிற செயலியை அங்கே செய்தார்கள். "போன நோண்டுறதுதான் வேல. வாறியா கா?" என்று கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். எதற்கும் தலையைத்தான் ஆட்டுவேன் என்பது உனக்குத் தெரியும்.

முதல் நாள் லொக்கைக் காட்டினாய். நாம் எழுதிய நிரலை மெசின் கோத்துச் செயலியாக்கும்போது, தான் செய்கிற ஒவ்வொன்றையும் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும் என்றாய். திரை ஓடியது, ஓடியது, நிற்கவேயில்லை. எல்லாம் இங்கிலீஸ். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

"வாசிக்கச் சொன்னனா உன்ன? பிழை வந்த வரி சிவப்பு. தெரியுதா?"

"ஓம்."

"கடைசிச் சிவப்ப நம்பாத. அது மத்தது விழுந்த சத்தம். மேல ஏறு. முதல் விழுந்தது எது எண்டு பார்."

ஏறினேன். கண்டேன். விரலை வைத்தேன். நீ அந்த வரியின் இலக்கத்தை அழுத்தினாய். வரி முழுவதும் மஞ்சளாகியது. மேலே இணைய முகவரியின் வாலில் அந்த இலக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. "இந்த முகவரிய அனுப்பினா, திறக்கிற எல்லாருக்கும் இந்த வரிதான் மஞ்சளாத் தெரியும். உன்ட விரல் மாதிரி" என்றாய்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வேலை தந்தவர்கள் வீடியோவில் வந்தார்கள். சோதித்தவர் என்ன கண்டார் என்று கேட்டார்கள். எல்லாக் கண்ணும் என்மேல்.  நீ மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விட்டாய். நான் லிங்கை அனுப்பினேன். அங்கே ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் திரையைப் பார்த்தார்கள். "ஆ, இங்கேயா" என்றார் ஒருவர். அதோடு கேள்வி முடிந்தது. வெளியே வந்து, "வாய் திறக்காம கொழும்பையே குனிய வெச்சிட்டாய்" என்று சிரித்தாய்.

ஆனால் அடுத்த தரமே பிழைவிட்டேன். பில்ட் ஒவ்வொரு தரம் ஓடும்போதும் அந்த ஓட்டத்துக்கென்று தனி முகவரி உண்டு. அதை எடுக்காமல், எப்போதும் ஆகப் புதிய ஓட்டத்தைக் காட்டுகிற முகவரியை எடுத்து வரி இலக்கத்தை ஒட்டி அனுப்பிவிட்டேன். நீ பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து திறப்பதற்குள் காக்கா இன்னொரு தரம் ஓடவிட்டிருந்தார். மஞ்சள், எந்தக் குற்றமும் செய்யாத வேறொரு வரியில் போய் விழுந்திருந்தது.

"மச்சாள், இது நல்ல புள்ள கா. இதப் பிடிச்சு அடிக்கச் சொல்றியா?"

காக்காகூடச் சிரித்தார். எனக்கு வெட்கத்தில் முகம் கொதித்தது. நீ தோளில் கை போட்டு, "லிங்கப் புதுசுக்குக் குடுத்தா மாறிக்கொண்டே இரிக்கும். அண்டைக்கு நடந்ததுக்குக் குடு. அது அங்கயே நிக்கும்" என்றாய்.

நீ போன அன்று நான் பழுகாமத்தில் இருந்தேன். தம்பிக்குக் காய்ச்சல் என்று போயிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மழை இருட்டு. ரோட்டில மாடு படுத்திருந்த. ஸ்கூட்டி." அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குள் போகவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் போய் அகப்பையால் அதைக் கிண்டினேன். கிண்டிக்கொண்டே இருந்தேன். அம்மா வந்து கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கும்வரைக்கும்.

அதற்குப் பிறகு அந்த மாலைப்பொழுதை, ஒரு லொக்கைப் போல, எத்தனையோ தரம் மேலே ஏறிப் பார்த்துவிட்டேன். மாடு கடைசி வரி. அதற்கு மேலே மழை. அதற்கு மேலே, மழை விடட்டும் என்று நீ கடைவாசலில் நின்றது. அதற்கு மேலே, மாமிக்கு மருந்து வாங்கியது. அதற்கு மேலே, காக்காவிடம் போயிட்டு வாறன் என்று சொன்னது. எல்லாம் எந்த நாளும் நடக்கிற வரிகள். எதுவும் சிவப்பாக இல்லை.

திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். காக்கா விழுந்த கதிரையை நிமிர்த்திவிட்டு, "நாளைக்கே அந்தக் கணக்க மூடிருவம். மனிசருக்கு நெஞ்சு வெடிச்சிரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனால், மாமி வாசல் படியில் உன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். அதை எந்த நாளும் சார்ஜ் போட்டுத் துடைத்து வைக்கிறார் என்று உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன். காக்கா குழுவில் எழுதியபோது அது அடித்திருக்கிறது. மாமி திறந்து பார்த்திருக்கிறார். காக்காவின் கேள்விக்கு மேலே நீ.

"புள்ள, இஞ்ச வா. இது ஆரு எழுதின?"

"மெசின் எழுதின மாமி."

"மெசினுக்கு உன்ன மச்சாள் எண்டு தெரியுமா?"

நான் படியில் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் கதைத்ததில்லை. பில்ட் என்றால் என்ன, லொக் என்றால் என்ன, உள்ளே ஒன்று பிழைத்தால் அந்த இடத்தைக் காட்டச் சொல்லி நீ முன்கூட்டியே எழுதிவைத்தது எல்லாம் சொன்னேன். 

"அப்ப சொன்னது அவள்தான்."

"ஓம் மாமி. ஆனா முந்திச் சொன்னது."

"இனியும் வருமா?"

"பிழைச்சா வரும். ஆனா காக்கா நாளைக்குக் கணக்க மூடப் போறாராம்."

மாமி போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அதுக்கு முந்தி ஏதும் ஒண்டப் பிழைக்க வெய்யன், மகள்."

மச்சாள், உன் செய்தி வந்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு குளிரவில்லை. ஏனென்றால் அது முடியும். ஒரே ஒரு கமாவை அழித்தால் போதும். உன்னை வரவழைக்க என் விரல் நுனிக்குத் தெரியும். மாமி அதைக் கேட்கிறார், ஒரு தேத்தண்ணி கேட்பது போல மெதுவாக.

அடுத்த நாள் காக்கா கணினிக்கு முன்னால் இருந்து கணக்குப் பக்கத்தைத் திறந்தபோது, "இண்டைக்கு வேணாம் காக்கா" என்றேன்.

அவர் திரும்பி, அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். "நீயா கதைச்ச?"

மாமி கேட்டதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "வட்டைக்காரர்ர போனுக்குப் போகாத மாதிரி, தனிப் பிரதி ஒண்டில செய்" என்றார். "பிறகு பேர நீயே மாத்து. அவள்ற நிரலுக்குள்ள கை வைக்க எனக்கு ஏலாது."

பௌர்ணமிக்கு வருகிற போயா லீவு நாள் பகலில், மாமிக்குப் பக்கத்தில் பாயில் இருந்து மடிக்கணினியைத் திறந்தேன். தனிப் பிரதியில் ஒரு கமாவை அழித்தேன். ஓடவிட்டேன். வரிகள் ஓடத் தொடங்கின. மாமி உன் போனைத் திறந்து முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. என்னுடையதா அவருடையதா தெரியாது.

நீ வந்தாய். "மச்சாள், இஞ்ச பார்."

மாமி லிங்கை அழுத்தினார். அவ்வளவு வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரி மஞ்சளாக இருந்தது. மாமி அதன்மேல் விரலை வைத்தார்.

"என்ன எழுதியிரிக்கு?"

"இதில ஒரு கமா இல்லையாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

"இவ்வளவுக்குள்ளயும் அதக் கண்டுபிடிச்சிட்டாள்" என்றார். ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு திரும்பவும் உன் செய்திக்குப் போனார். மூன்று சொல்லையும் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். சிரிப்புப் போய்விட்டது.

"இது உன்னக் கூப்பிடுற."

நான் மடிக்கணினியைப் பாதி மூடினேன்.

"எத்தின தரம் உடைச்சாலும் உன்னத்தான் கூப்பிடும். அம்மா எண்டு வராது என்ன?"

"வராது மாமி."

மாமி உன் போனை அணைத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என் மடியில் வைத்தார். "பேர மாத்து மகள். அவள் உனக்குத்தான் வெச்சிட்டுப் போயிரிக்காள்" என்று சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

நான் கமாவைத் திரும்பப் போட்டேன். உன் நிரலைத் திறந்து, உன் கணக்கு இருந்த இடத்தில் என்னுடையதைப் போட்டேன். அந்த மூன்று சொல்லை மட்டும் தொடவில்லை.

இப்போது பில்ட் உடைந்தால் என் படத்தோடு, என் பெயரில் போகிறது. "நான் ஆருக்குப் புள்ள மச்சாள்?" என்று காக்கா ஒவ்வொரு தரமும் கேட்கிறார். கொழும்பில் இருப்பவர்கள் நான்தான் அவர்களைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பதில் எழுதுகிறார்கள். போன வீடியோவில் ஒருவர் விளக்கம் கேட்டபோது மேசைக்குக் கீழே உதைக்க யாரும் இல்லை. இரண்டு வசனம் நானே சொன்னேன்.  

என் பெயரில் வந்தாலும், அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் முதலில் எனக்குத் திக்கென்கிறது. ஒரு கணம் நீதான். பிறகு லிங்கைத் திறந்து, நீ சொன்னபடி மேலே ஏறிப் போகிறேன். முதலில் விழுந்ததைக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

நீ போன அந்த மாலைப்பொழுதுக்குள்ளும் அப்படித்தான் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னது சரி, அது மாறாமல் அங்கேயே நிற்கிறது. மழை, கடைவாசல், மருந்து, போயிட்டு வாறன். எதை அழுத்தினாலும் மஞ்சள் விழவில்லை, மச்சாள்.