பெட்ரோல் மூடியில் ஓர் ஊசித்துளை

அத்தான்,

பத்து மணிக்குக் கார் வாங்க வரும் விருதுநகர்க்காரருக்குக் காப்பி மட்டும் கொடுங்கள், காரைக் கொடுத்துவிடாதீர்கள்! புது பம்ப் போட்டும் அது வழியில் நின்றுபோவது ஏன் என்று கண்டுபிடித்துவிட்டேன். பட்டாசு கம்பெனிக்குள் போகும் வண்டி என்று பயந்து, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளையை அரக்கால் அடைத்தது நீங்கள்தானே? காற்று போகாவிட்டால் குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டு இறங்காது, டேங்கும் அப்படித்தான். என் ஊசியாலேயே அரக்கைக் குத்தி எடுத்துவிட்டேன். "ஊசி போடுறவளுக்குக் காரைப் பத்தி எம்புட்டு தெரியும்?" என்றீர்களே, இம்புட்டு தெரியும், போதுமா?

மீன்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. பாதியை மெக்கானிக் தங்கச்சாமிக்குக் கொடுங்கள். பாவம், அவரைத்தானே திட்டினீர்கள்.

இன்பம்

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குக் காரிலேயே வாருங்கள். மூன்று நாளாகக் கோபத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். இன்று முன்சீட்டு எனக்கு.